உயிரணுவின் ஒழுங்கைக் கண்ட பொவேரி

நோயின் குறிகளை அறிதல் எளிது. நோயின் முதலை அறிதல் அரிது. காய்ச்சல் கண்டவனது உடம்பு சுடுவதைத் தொட்டுப் பார்த்த எவரும் அறிவர். அச்சூடு எதனால் பிறந்தது என்று அறிவதற்கே பேரறிவு வேண்டும். முதலை அறியாது குறியை மட்டும் கண்டு செய்யும் மருத்துவம், வேரை விட்டுவிட்டுக் கிளையைக் கழிப்பதனோடு ஒக்கும். மக்களை வருத்தும் நோய்களுள் மிகக் கொடியதாகிய புற்றுநோயின் முதல் எது என்னும் வினாவை அறிஞர் நெடுங்காலம் எழுப்பி வந்தனர். அவ்வினாவிற்குத் தெளிவானதொரு விடையை எடுத்துரைத்தவர் மருத்துவர் அல்லர். விலங்கியல் பேராசிரியர் ஒருவர். கடலில் வாழும் சிற்றுயிர் ஒன்றின் முட்டையை ஆராய்ந்து, மனிதரை வாட்டும் நோய்க்கு முதல் கண்ட அப்பெரியார் தியோடர் பொவேரி ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ளது பவேரியா. அதன் பழைய நகரங்களுள் ஒன்று பாம்பெர்க். அந்நகரில் 1862-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள் பொவேரி பிறந்தார். அவருடைய தந்தையார் மருத்துவர். புதல்வர் நால்வருள் பொவேரி இரண்டாமவர். அவருக்கு இளையவராகிய வால்டர் பொவேரி மின்பொறியியலில் சிறந்து, 1891-ஆம் ஆண்டில் சார்லசு பிரௌன் என்பவருடன் சேர்ந்து சுவிட்சர்லாந்தில் பெரியதொரு தொழிலகத்தை நிறுவினார். தம்பியார் பேரியந்திரங்களைப் படைத்தார். தமையனாரோ வெறுங்கண்ணுக்குப் புலப்படாத உயிரணுவின் உள்ளே இயங்கும் நுண்ணிய இயந்திரத்தை ஆராய்ந்தார்.

இளமையில் பொவேரிக்கு இசையிலும் ஓவியத்திலும் மிகுந்த ஈடுபாடு இருந்தது. பியானோ வாசிப்பதிலும் வண்ணம் தீட்டுவதிலும் அவர் இன்பம் கண்டார். கலையில் பழகிய கண்ணும் கையும் பின்னாளில் அவருக்குப் பெரிதும் பயன்பட்டன. அக்காலத்தில் நுண்ணோக்கியின் வழியே கண்டவற்றை ஆராய்ச்சியாளர் கையால் வரைந்து காட்டுவதே வழக்கம். பிறர் காணாது விட்ட சிறு வேறுபாட்டையும் ஓவியரின் கண் கண்டது. கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஓவியரின் கை வரைந்தது.

பொவேரி பள்ளிக்கல்வியை நியூரம்பெர்க் நகரில் முடித்து, 1881-ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தொடக்கத்தில் வரலாறும் மெய்ப்பொருளியலும் பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் விரைவில் இயற்கையின்பால் திரும்பியது. உடற்கூற்றியல் பேராசிரியர் குப்பெர் என்பாரிடம் பயின்று, நரம்பு இழைகளைப் பற்றிய ஆய்வுரை எழுதி, 1885-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ரிச்சர்டு ஹெர்ட்விக் என்னும் விலங்கியல் அறிஞரின் ஆய்வகத்தில் சேர்ந்து, உயிரணுவின் ஆராய்ச்சியைத் தம் வாழ்நாள் தொண்டாக ஏற்றுக்கொண்டார்.

புழுவின் முட்டையில் கண்ட உண்மை

உயிருள்ள உடம்பு, செங்கற்களால் கட்டிய வீடு போல, எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிகிறது, இரண்டு நான்காகின்றன, இவ்வாறு பெருகியே ஒரு முட்டையிலிருந்து முழு உடம்பு உருவாகிறது. உயிரணு பிரியும்போது அதன் கருவினுள்ளே சாயத்தை நன்கு ஏற்கும் சிறு இழைகள் தோன்றுகின்றன. அவையே குரோமோசோம்கள். ஒவ்வோர் இழையும் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி மறுபக்கமும் செல்லும். பிரிவு முடிந்ததும் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்.

மறைந்த இழைகள் கரைந்து அழிந்துவிடுகின்றனவா? அன்றி, உருத்தெரியாமல் உள்ளேயே இருக்கின்றனவா? அக்கால அறிஞரிடையே இது பெரிய வினாவாக இருந்தது. இழைகள் மிகப் பலவாக உள்ள உயிரியை எடுத்துக்கொண்டு இவ்வினாவிற்கு விடை காண இயலாது. ஆதலின் பொவேரி, குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டையைத் தேர்ந்தெடுத்தார். அம்முட்டையில் உள்ள இழைகள் மிகச் சிலவே. ஒருவகைப் புழுவில் நான்கு, மற்றொரு வகையில் இரண்டு. எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற பொருளை நாடியதே அவர் பெற்ற முதல் வெற்றி எனலாம்.

முட்டைகளை அவர் பொறுமையோடு ஆராய்ந்தார். இழைகள் மறையும்போது எவ்வாறு அமைந்திருந்தனவோ, மீண்டும் தோன்றும்போதும் அவ்வாறே அமைந்திருப்பதைக் கண்டார். எனவே, குரோமோசோம்கள் தோன்றி அழிவன அல்ல என்றும், தலைமுறை தலைமுறையாகத் தம் தனித்தன்மையோடு நிலைத்து நிற்பன என்றும் துணிந்தார். உயிரணு பிரியும்போது இழைகளை இரு திசைக்கும் ஈர்த்துச் செல்லும் செயலுக்கு மையமாக நிற்கும் ஒரு நுண்பொருளையும் அவர் நுணுகி ஆராய்ந்து, 1888-ஆம் ஆண்டில் அதற்குச் சென்ட்ரோசோம் என்று பெயரிட்டார். பிரிகின்ற உயிரணுவில் இத்தகைய மையங்கள் இரண்டே இருத்தல் வேண்டும். இரண்டு மையங்கள் இருப்பதனாலேயே பங்கீடும் இரண்டாக அமைகிறது. இந்த எளிய உண்மையே பின்னர்ப் பெரிய உண்மைக்கு வித்தாயிற்று.

நோயும் பதவியும்

இளமையிலேயே புகழ் பெற்ற பொவேரியை நோயும் இளமையிலேயே பற்றியது. 1890-ஆம் ஆண்டளவில் அவர் நரம்புத் தளர்ச்சியாலும் மனச்சோர்வாலும் பெரிதும் வருந்தினார். அப்பிணி தணிந்தும் மிகுந்தும் அவரைத் தொடர்ந்தது. ஆயினும் உடல் சற்றுத் தெளிவுற்ற போதெல்லாம் அவர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். 1893-ஆம் ஆண்டில், முப்பது வயதிலேயே, வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. தம் வாழ்நாளின் இறுதிவரை அவர் அப்பதவியிலேயே இருந்தார்.

மாணாக்கர் பலர் அவரிடம் வந்து பயின்றனர். அவருள் ஒருவராகிய ஹன்ஸ் ஸ்பெமான், கரு வளர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1935-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்க அறிஞராகிய எட்மண்ட் வில்சன் பொவேரியின் உற்ற நண்பர். உயிரணுவைப் பற்றித் தாம் எழுதிய புகழ்பெற்ற நூலை அவர் பொவேரிக்கே உரிமையாக்கினார்.

1896-ஆம் ஆண்டில் மார்செல்லா ஓகிரேடி என்னும் அமெரிக்க அம்மையார் வூர்ட்ஸ்பர்க்கிற்கு ஆராய்ச்சி செய்ய வந்தார். அவர் பாஸ்டன் நகரில் பிறந்து, உயிரியலில் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவைத் திறவாத காலம் அது. எனினும் பொவேரி அவரைத் தம் ஆய்வகத்தில் ஏற்றுக்கொண்டார். ஒத்த அறிவும் ஒத்த உள்ளமும் உடைய இருவரும் 1897-ஆம் ஆண்டில் மணம் புரிந்துகொண்டனர். அவர்தம் ஒரே மகளாகிய மார்கிரெட், பின்னாளில் ஜெர்மனியின் சிறந்த இதழாளருள் ஒருவரானார். மார்செல்லா அம்மையார் இல்லத்தில் மட்டுமன்றி ஆய்வகத்திலும் கணவருக்குத் துணையாய் நின்றார்.

நேப்பிள்ஸ் கடற்கரையில்

இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே அன்டன் டோர்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கடல்வாழ் உயிர்களை ஆராய்வதற்கென ஒரு நிலையம் நிறுவியிருந்தார். பல நாட்டு அறிஞரும் அங்கு வந்து ஆராய்ந்து செல்வர். பொவேரியும் பலமுறை அங்குச் சென்றார். 1901-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் அவர் அங்கே செய்த ஆராய்ச்சியே அவருடைய புகழை நிலைநாட்டியது.

அவர் ஆராய்ந்த உயிர் கடல்முள்ளெலி. உடம்பெங்கும் முள் நிறைந்து உருண்டையாகக் காணப்படும் இவ்வுயிரின் முட்டைகள் நுண்ணோக்கியின் கீழே கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். இயற்கையாக ஒரு முட்டையினுள் ஒரு விந்தணுவே நுழையும். விந்தணுக்களை மிகுதியாகக் கலந்தால், சில முட்டைகளில் இரண்டு நுழைந்துவிடும். ஒவ்வொரு விந்தணுவும் ஒரு சென்ட்ரோசோமைக் கொண்டு வருகிறது; அது இரண்டாகிறது. எனவே இரண்டு விந்தணு நுழைந்த முட்டையில் நான்கு மையங்கள் தோன்றுகின்றன. முட்டையும் இரண்டாகப் பிரியாமல் ஒரே முறையில் நான்காகப் பிரிகிறது.

இதனால் விளையும் தீங்கை ஓர் உவமையால் விளக்கலாம். பதினெட்டு இயல்களாக அமைந்த ஒரு நூலை நினைத்துக்கொள்க. ஒவ்வோர் இயலும் தனித்தனிச் சுவடியில் எழுதப்பட்டிருக்கிறது. கடல்முள்ளெலியின் முட்டையில் இத்தகைய சுவடித் தொகுதி ஒன்றும், விந்தணுவில் ஒன்றும் உள்ளன. இரண்டும் கூடினால் 36 சுவடிகள். ஒவ்வொன்றையும் படியெடுத்து இரு வீட்டாருக்குப் பங்கிட்டால் இருவரும் முழு நூலையும் பெறுவர். இரண்டு விந்தணு நுழைந்தாலோ தொகுதிகள் மூன்று, சுவடிகள் 54, படியெடுத்தால் 108. அவற்றை நான்கு வீட்டாரும் நான்கு திசையிலிருந்து கைக்குக் கிடைத்தவாறு இழுத்துக்கொண்டால், ஒரு வீட்டிற்குச் சராசரியாக 27 சுவடிகள் வரும். எண்ணிக்கையில் குறைவில்லை, ஆனால் ஒரு வீட்டில் முதல் இயல் மூன்று படியாகவும், ஐந்தாம் இயல் ஒரு படியேனும் இல்லாமலும் இருக்கக்கூடும். முழு நூலும் கிடைக்கப்பெறுதல் அரிது.

இவ்வாறு பிரிந்த முட்டைகள் பெரும்பாலும் அழிந்தன. பொவேரி அத்துடன் அமையவில்லை. சுண்ணச்சத்து நீக்கிய கடல்நீரில் இட்டு, அம்முட்டையின் நான்கு பகுதிகளையும் தனித்தனியே பிரித்து வளர்த்தார். ஒரே முட்டையின் பகுதிகளாயிருந்தும் நான்கும் நான்கு விதமாக நடந்தன. ஒன்று சற்று வளர்ந்து நின்றது. ஒன்று உடனே சிதைந்தது. மற்றொன்று வேறொரு குறையோடு வளர்ந்தது. இயல்பான முட்டையை அவ்வாறு நான்காகப் பிரித்தால், நான்கும் ஒரே விதமாக வளரக் காணலாம். மூன்றாகப் பிரிந்த முட்டைகளில் முழுமையாக வளர்ந்தவை சில இருந்தன. நான்காகப் பிரிந்தவற்றில் அவை மிக மிக அரியவாயின. பங்காளிகள் மிகுந்தால் பங்கில் குறை நேர்வது மிகும் என்னும் கணக்கிற்கு இது முற்றும் பொருந்தியது.

இவ்வாராய்ச்சியால் பொவேரி கண்ட முடிபு இது: குரோமோசோம்கள் ஒன்றற்கொன்று நிகரானவை அல்ல, ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கடமை உண்டு, உயிர் செழிப்பதற்கு வேண்டுவது குறித்த எண்ணிக்கை அன்று, குறைவற்ற சேர்க்கையே. 1902-ஆம் ஆண்டில் இதனை அவர் வெளியிட்டார். அக்காலத்திலேயே அமெரிக்காவில் வால்டர் சட்டன் என்னும் இளைஞர் வெட்டுக்கிளியை ஆராய்ந்து, மரபுப் பண்புகள் குரோமோசோம்களில் தங்கியுள்ளன என்று எழுதினார். இருவர் பெயராலும் அக்கொள்கை இன்று வழங்குகிறது.

துணிந்து சொன்ன கருத்து

சீர்கெட்ட பங்கீட்டைப் பெற்ற உயிரணுக்கள் பெரும்பாலும் இறந்துபடுகின்றன. இறவாமல் ஒன்று பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அடங்கியிரு என்று கட்டளையிடும் சுவடியை இழந்து, வளர்க என்று கட்டளையிடும் சுவடியை மிகுதியாகப் பெற்ற ஓர் உயிரணு, அடங்காது பெருகத் தொடங்குமன்றோ? புற்று என்பது அதுவாக இருக்கலாமன்றோ? கடல்முள்ளெலியின் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த பொவேரியின் உள்ளத்தில் இவ்வெண்ணம் எழுந்தது.

புற்றுநோய்க் கட்டிகளில் உயிரணுக்கள் ஒழுங்கின்றிப் பிரிவதை டேவிட் ஹான்செமான் என்னும் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் 1890-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதியிருந்தார். ஆனால் அவ்வொழுங்கின்மை நோயின் குறியா, நோயின் முதலா என்பது தெளிவாகவில்லை. குரோமோசோம்களின் சீர்கேடு உயிரணுவின் இயல்பையே மாற்றவல்லது என்பதைச் சோதனையால் காட்டியவர் பொவேரியே. எனவே 1902-ஆம் ஆண்டின் கட்டுரையிலேயே தம் எண்ணத்தை அவர் சுருக்கமாகக் குறித்தார். மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. கடல்வாழ் உயிர்களை ஆராய்பவர் மனிதரின் நோயைப் பற்றிப் பேசுவதா என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது.

பொவேரி சினந்து வாதிடவில்லை. தம் கருத்தைக் கைவிடவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அதனை உள்ளத்தில் வைத்து எண்ணினார். இதற்கிடையே, 1912-ஆம் ஆண்டில், பெர்லின் நகரில் நிறுவப்பெறவிருந்த உயிரியல் ஆராய்ச்சிக் கழகத்திற்குத் தலைமை ஏற்குமாறு அவரை அழைத்தனர். ஓர் அறிஞர் பெறத்தக்க பெரும் பதவி அது. கழகத்தின் அமைப்பையும் அதற்குரிய அறிஞர்களையும் பற்றி ஆராய்ந்து திட்டம் வகுத்துக் கொடுத்த பொவேரி, தம் உடல்நிலை இடம் தாராமையால் 1913-ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்க மறுத்துவிட்டார். பிறர் அமர்வதற்கு அரியணை செய்து கொடுத்துவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றார்.

தம் நாள்கள் குறுகி வருவதை உணர்ந்தவர் போல், அவர் தம் நெடுநாளைய எண்ணத்தை நூலாக எழுதத் தலைப்பட்டார். புற்றுக்கட்டிகளின் தோற்றத்தைப் பற்றிய அச்சிறு நூல் 1914-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாம் மருத்துவர் அல்லர் என்பதையும், தாம் கூறுவது முற்றும் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை அன்று, ஆராயத்தக்க கொள்கையே என்பதையும் அவர் அதில் மறையாது ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு கட்டியும் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து தோன்றுகிறது; அவ்வுயிரணுவின் குரோமோசோம்களில் நேர்ந்த சீர்கேடே அதற்கு முதல்; வளர்ச்சியைத் தடுப்பனவும் வளர்ச்சியைத் தூண்டுவனவும் குரோமோசோம்களில் உள்ளன; மையங்கள் இரண்டிற்கு மேற்பட்டுப் பல திசையிலும் பிரியும் பிரிவு அச்சீர்கேட்டிற்குரிய காரணங்களுள் ஒன்று. இவை அந்நூலின் சாரமாகும்.

பிழையை ஒப்பிய பெருந்தன்மை

அதே ஆண்டில் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. பொவேரியின் உடல்நிலையும் சீர்கெட்டு வந்தது. அந்நிலையிலும் அவர் செய்த ஒரு செயல் எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது. 1889-ஆம் ஆண்டில், கரு நீங்கிய முட்டைத் துண்டில் வேறோர் இனத்தின் விந்தணுவைச் செலுத்தித் தாம் செய்த சோதனையால், உயிரணுவின் கருவே மரபுப் பண்புகளைத் தருவது என்று அவர் எழுதியிருந்தார். அச்சோதனை அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆனால் அதன்கண் பிழை நேர இடமிருந்தமையைப் பிற்காலத்தில் அவரே ஐயுற்று, மீண்டும் ஆராய்ந்து, பிழையின் காரணங்களையும் கண்டறிந்து எழுதினார். அக்கட்டுரை அவர் மறைந்த பின் 1918-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் புகழுக்கு அடிப்படையான சோதனையின் குறையைத் தாமே தேடிக் காணுதல் எளிய செயல் அன்று. பிறர் பிழையைக் காண்பவர் பலர். தம் பிழையைக் காண்பவர் மிகச் சிலர்.

1915-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள், வூர்ட்ஸ்பர்க் நகரில் பொவேரி உயிர்நீத்தார். ஐம்பத்து மூன்று வயது நிரம்பி மூன்று நாள்களே ஆகியிருந்தன. போர் முழக்கத்தினிடையே அவருடைய சிறு நூல் கேட்பாரற்றுக் கிடந்தது. ஆயினும் அதனை மறவாதவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவிற்குத் திரும்பி ஆசிரியப்பணி மேற்கொண்ட மார்செல்லா அம்மையார், கணவரின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கணவரின் சொல் உலகத்தார் செவியில் விழுதல் வேண்டும் என்று அவர் செய்த அப்பணி வீண்போகவில்லை.

நூற்றாண்டு கடந்த பின்

பொவேரி வாழ்ந்த காலத்தில் மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன என்பதே திட்டமாகத் தெரியாது. அவை 46 என்பது 1956-ஆம் ஆண்டிலேதான் உறுதியாயிற்று. ஒருவகை இரத்தப் புற்றுநோயில் குறிப்பிட்ட ஒரு குரோமோசோம் எப்போதும் குறுகியிருப்பதை 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகர அறிஞர் இருவர் கண்டனர். அதன்பின் பொவேரியின் கொள்கை மீண்டும் ஒளிபெற்றது. இன்று அக்கொள்கையின் உண்மையை மிகத் தெளிவாகக் காட்டி நிற்பது, பெண்டிரை வருத்தும் சூலகப் புற்றுநோய் ஆகும்.

சூலகப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதும் மிகக் கொடியதுமான வகையில், உயிரணுக்களின் குரோமோசோம்கள் பெரிதும் சிதைந்திருக்கின்றன. ஓர் உயிரணுவில் இருப்பது போல மற்றோர் உயிரணுவில் இல்லை. சில மிகுந்தும், சில குறைந்தும், சில உடைந்து வேறொன்றோடு ஒட்டியும் காணப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் அக்குழப்பம் புதிது புதிதாகப் பிறக்கிறது. இதனையே குரோமோசோம் நிலையின்மை என்பர். பொவேரி முட்டையில் கண்ட கலக்கமே இங்கு நோயாளியின் உடம்பில் நிகழ்கிறது.

இந்நிலையின்மைக்குக் காரணம் ஒன்றன்று, பல என்பதை இக்கால அறிஞர் கண்டுள்ளனர். முன்னர்க் கூறிய சுவடி உவமையைக் கொண்டே அவற்றை அறியலாம். சுவடிகளில் பழுது உளதா என்று பார்த்து, பழுதிருப்பின் படியெடுப்பை நிறுத்திவைக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். பி-53 என்னும் மரபணு அப்பணியைச் செய்கிறது. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கப் பேராய்வு ஒன்று, இவ்வகைக் கட்டிகளில் 96 விழுக்காட்டில் அம்மரபணு கெட்டிருப்பதைக் காட்டியது. இந்நோய் பெரும்பாலும் சூலகத்தை அடுத்துள்ள கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பதும், பி-53 கெடுதல் மிகத் தொடக்கத்திலேயே நிகழ்கிறது என்பதும் இன்றைய அறிஞர் கருத்து. காவலர் போன பின்னரே கலகம் தொடங்குகிறது.

அறுந்த ஏட்டை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழையின்றி ஒட்டுபவர் மற்றொருவர் வேண்டும். 1994, 1995-ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுக்கள் இப்பணிக்கு உரியவை. இவற்றின் குறை பெற்றோரிடமிருந்து மக்களுக்கு வருதலும் உண்டு. அத்தகைய குடும்பத்துப் பெண்டிருக்கு இந்நோய் நேரும் வாய்ப்பு மிகுகிறது. இவையும் இவற்றோடு இயைந்து செயற்படுவனவும் பழுதுபட்டமையால், ஏறத்தாழப் பாதிக் கட்டிகளில் ஒட்டும் பணி செவ்வனே நடைபெறுவதில்லை. அறுந்த ஏடுகள் மாறிமாறி ஒட்டப்பெற்று நூலே குழம்புகிறது. வேறு சில கட்டிகளில், படியெடுப்போரை ஓய்வின்றி விரட்டும் சைக்ளின்-ஈ என்னும் பொருள் அளவு கடந்து பெருகிவிடுகிறது. விரைவினால் பிழை மலிகிறது.

இவற்றோடு, பொவேரி கூறிய காரணமும் இருக்கிறது. இக்கட்டிகளின் உயிரணுக்கள் பலவற்றில் சென்ட்ரோசோம்கள் இரண்டிற்கு மேற்பட்டுக் காணப்படுகின்றன. அவை பல திசையில் ஈர்ப்பின் உயிரணு பெரும்பாலும் இறந்துபடும். பலவும் ஒன்றுகூடி இரு பக்கமாக நின்றாலோ உயிரணு பிழைத்துக்கொள்ளும். ஆயினும் இடையே சில இழைகள் தவறாகக் கட்டுண்டு பின்தங்கி, பங்கு பிழையாகும். பிழைத்த உயிரணுவே பெருந்தீங்கு செய்யும் என்று பொவேரி எண்ணியது இவ்விடத்தும் பொருந்துகிறது. அவர் அறியாதனவும் உண்டு. மரபணு ஒன்றில் நேரும் சிறு மாற்றமே குழப்பத்திற்கு வாயிலாகலாம் என்பதை அக்காலத்தில் ஒருவரும் முழுமையாக அறிந்திலர். ஆனால் தேட வேண்டிய இடம் எது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். பின்வந்தோர் அவ்விடத்தில் தேடிக் கண்டனர்.

முதலை அறிந்ததனால் மருந்தும் பிறந்தது. ஏட்டை ஒட்டும் வழி ஒன்று அடைபட்ட உயிரணு, மற்றொரு வழியையே நம்பி வாழ்கிறது. அவ்வழியையும் அடைத்துவிட்டால் அது மடியும். இரு வழியும் உடைய நல்லுயிரணுவோ பிழைத்துக்கொள்ளும். இந்நுட்பத்தைக் கொண்டு அமைந்த ஓலாப்பரிப் என்னும் மருந்தைச் சூலகப் புற்றுநோய்க்கு வழங்க ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் இசைவு தந்தன. அது நோய் அனைத்தையும் தீர்க்கும் அமுதம் அன்று. எனினும் நோயாளர் பலருக்கு நோய் மீண்டு வாராத காலத்தை நீட்டித்துத் தந்துள்ளது. எதனால் அவ்வுயிரணு கொடியதாயிற்றோ, அதுவே அதனை வீழ்த்தும் வழியுமாயிற்று. பொவேரியின் நூல் வெளிவந்து அப்போது சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாம் கொள்ளத்தக்கது

நோயுற்ற உடம்போடு வாழ்ந்தும் பொவேரி தம் பணியில் தளரவில்லை. பெரிய வினாவிற்கு விடை காணச் சிறிய உயிரைத் தேர்ந்தெடுத்தார். ஆரவாரமின்றி எண்ணிப் பார்த்தார். கண்டதற்கு மேல் ஒன்றும் கூறாதிருந்தார். கருதியதைக் கருத்தென்றே கூறினார். தம் கொள்கை வெல்வதைக் காண அவருக்கு வாழ்நாள் இடந்தரவில்லை. பயன் கருதிப் பனை விதைப்பவன் அதன் நுங்கைத் தான் உண்பது அரிது. அவன் வழிவந்தோரே உண்பர். ஆயினும் விதைப்பவன் இல்லையேல் மரமும் இல்லை. உண்மையைத் தேடுவார்க்கு விரைவினும் பொறுமையே சிறந்த துணை என்பதைப் பொவேரியின் வாழ்க்கை நமக்கு என்றும் உணர்த்தி நிற்கும்.